துவைத்த துண்டில் மக்கல் வாடை: காய்ந்தால் இல்லை, முகம் துடைத்தால் வருகிறது

வேளச்சேரி மூணாவது மாடி
நவம்பர் 9, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். மழை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் துணியெல்லாம் ஒரு மாதிரி மக்கல் வாடை. கொடியிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. மடித்து வைக்கும்போதும் சாஃப்ட்னர் மணம்தான். குளித்துவிட்டு வந்து துண்டை முகத்தில் வைத்தால் போதும், மழையில் நனைந்து கிடந்த மிதியடியை மோந்த மாதிரி இருக்கிறது. பையன் நேற்று, "அம்மா, துண்டு நனைஞ்ச நாய்க்குட்டி மாதிரி நாறுது" என்றான். நாய் வளர்ப்பவர்கள் மன்னிக்கவும்.

விவரம் சொல்லிவிடுகிறேன். ஃப்ரன்ட் லோடு மெஷின், வாங்கி நான்கு வருடம். போர் தண்ணீர், நல்ல உப்பு. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு முப்பது நிமிட குவிக் வாஷ் போடுவேன், பச்சைத் தண்ணீரில். காலை ஆறு மணிக்கு எழுந்து கொடியில் போடுவேன். பவுடரைக் கூட்டிப் பார்த்தேன். சாஃப்ட்னரை இரண்டு மூடி ஆக்கினேன். வாடை போகவில்லை, கூடவே ரோஜா மணமும் சேர்ந்துகொண்டது. தனி நாற்றமே தேவலை.

இன்னொன்று. மாமியாரின் ஈரிழைத் துண்டில் மட்டும் இந்த வாடை இல்லை. அதை மெஷினில் போட விடமாட்டார். தானே பார் சோப்புப் போட்டுக் கசக்கி, உதறி, சமையலறைப் பக்கக் கொடியில் போடுவார். அதே வீடு, அதே தண்ணீர். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. துண்டை மடிக்கும்போது மட்டும் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.


ஓஎம்ஆர் பிஜி வாசி
நவம்பர் 9, இரவு 11.20

உங்கள் வீட்டில் துண்டு மட்டும்தானா? எங்கள் ரூமில் நாலு பேர், ஒரு ஜன்னல். உள்ளே வருகிறவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். இழையைப் பின்தொடர்கிறேன்.


மாம்பலம் மாமி
நவம்பர் 10, காலை 5.45

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சும்மாவா சொன்னார்கள். இந்த இரண்டு மாதமும் துணி காய வைப்பது தனி உத்தியோகம். மழை விட்டு வெயில் முகம் காட்டுகிற ஒரு மணி நேரத்தில் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். வெயிலுக்கு மிஞ்சிய மருந்து கிடையாதம்மா. எங்கள் வீட்டில் துணியை ராத்திரி ஊறப்போட்டு விடிகாலையில் துவைப்போம். நீ ராத்திரி துவைத்துவிட்டுப் போய்த் தூங்குகிறாய். ஈரத் துணி ஏழு மணி நேரம் டப்பாவுக்குள் புழுங்கினால் நாறாமல் என்ன செய்யும்?


வேளச்சேரி மூணாவது மாடி
நவம்பர் 10, காலை 7.10

மாமி, மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சோலார் பலகை வைத்திருப்பதால் கொடி கட்டக்கூடாதாம். பால்கனியில் துணி தெரிந்தால் அசோசியேஷன் குழுவில் படம் எடுத்துப் போடுகிறார்கள். சர்வீஸ் ஏரியாவில் நாலு கம்பிதான். ஏழு மணி நேர விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.


ஸ்பேனர் தம்பி
நவம்பர் 10, மதியம் 1.30

அக்கா, வாஷிங் மெஷின் சர்வீஸ் வேலை பார்க்கிறேன், பதினோரு வருடம். துணியைப் பார்ப்பதற்கு முன்னால் மெஷினைப் பாருங்கள்.

கதவைத் திறந்து அந்தச் சாம்பல் நிற ரப்பரை விரலால் வெளியே இழுங்கள். உள் மடிப்பில் கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்கி, கறுப்பாக வழவழவென்று ஒரு படிவு இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்கிறேன், இருக்கலாம் என்று சொல்லவில்லை. பவுடர் போடும் டிராயரைக் கழற்றி அதன் மேல் கூரையை டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் மெஷினின் கீழ் மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே பம்ப் ஃபில்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். ஒரு சொம்புத் தண்ணீராவது வரும்.

நாங்கள் போகிற வீடுகளில் பாதிப் பேர் அந்த மூடியை ஒரு தடவைகூடத் திறந்திருக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர், குவிக் வாஷ், நிறைய சாஃப்ட்னர், துவைத்ததும் கதவை இறுக்கமாகச் சாத்துவது. இந்த நாலும் சேர்ந்தால் டிரம்முக்கு வெளியே நமக்குத் தெரியாத தொட்டியில் கொழகொழவென்று படியும். துணியை அதில்தான் அலசுகிறீர்கள். சுத்தம் செய்தபின் துணி இல்லாமல், இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஒரு டிரம் கிளீன் ஓட்டுங்கள். இனிமேல் கதவும் டிராயரும் திறந்தே இருக்கட்டும். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் உள்ளே ஏறிவிடாமல் கண் வைத்துக்கொள்ளுங்கள்.


கடலோரக் கொடி
நவம்பர் 10, மாலை 6.15

பெசன்ட் நகரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வெயிலும் உண்டு, காற்றும் உண்டு, மொட்டை மாடியும் உண்டு. அப்படியும் வாடை வந்தது. மதியம் மொறுமொறுவென்று காய்ந்த துணி, சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தால் பிசுபிசு. கடல் காற்று கொண்டு வரும் உப்பு துணியில் உட்கார்ந்துவிடுகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். மழை நாளில் டப்பாவில் உப்பு கட்டியாவதும் இதனால்தான். சென்னையில் ராத்திரி நேரத்தில் அந்த அளவை எட்டாத நாட்கள்தான் குறைவு. இப்போதெல்லாம் மூன்று மணிக்கே துணியை எடுத்துவிடுகிறேன். சாயங்காலம் கொடியில் விட்ட துணி, காய்ந்து மறுபடி நனைந்த துணி.


டிப்ஸ் ராணி
நவம்பர் 10, இரவு 8.00

ரொம்ப ஈஸி. ஒரு வாளித் தண்ணீரில் அரை கப் வினிகர், இரண்டு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. துணியை ஊற வைத்தால் பளிச்.


பெரம்பூர் வாத்தியார்
நவம்பர் 10, இரவு 8.12

யாரும் இதைச் செய்யாதீர்கள். முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் சொல்கிறேன். பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ எலுமிச்சையோ எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். அடைத்த பாத்ரூமில் அது நெஞ்சைப் பிடித்துவிடும். மேடம் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், ஆனாலும் அந்தப் பதிவை நீக்கிவிடுவது நல்லது.

சரி, துண்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாடையைக் கிளப்புவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சை அல்ல, பாக்டீரியா. 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், துவைத்த பிறகும் நாறுகிற துணிகளை ஆராய்ந்து மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்கிற கிருமியைக் காட்டினார்கள். நாம் துணியில் விட்டுவைக்கும் வியர்வை, தோல் எண்ணெய், அழுக்கு, எல்லாம் அதற்குச் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு அது வெளியே தள்ளுகிற ஒரு கொழுப்பு அமிலம்தான் அந்த ஈரத் தரைத்துணி நாற்றம். துணி காய்ந்திருக்கும்போது அடங்கிக் கிடக்கும். ஈரமும் முகத்தின் சூடும் பட்டதும் எழும்பி வரும். உங்கள் பையன் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

மாமியார் துண்டுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஈரிழை மெல்லிசு, இரண்டு மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். கிருமி பெருகுவதற்கு அவகாசமே இல்லை. உங்கள் பூத்துண்டு ஏழு மணி நேரம் மெஷினில், அப்புறம் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கொடியில். எவ்வளவு பவுடர் என்பதை விட எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது என்பதுதான் கணக்கு.

ஒரு பரிசோதனை செய்யுங்கள். சுத்தம் என்று நினைத்து அலமாரியில் வைத்திருக்கும் ஒரு துண்டை எடுத்து, சோப்பே போடாமல், கை பொறுக்கும் வெந்நீர் உள்ள வாளியில் போட்டுப் பத்து நிமிடம் அலசுங்கள். தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.


மாம்பலம் மாமி
நவம்பர் 11, காலை 5.30

வாத்தியார் சார், வெயிலில் கிருமி சாகாதா? நாங்கள் காலம் காலமாகச் செய்து வருவது தப்பா?


பெரம்பூர் வாத்தியார்
நவம்பர் 11, காலை 9.00

தப்பே இல்லை மாமி. வெயில் துணியைச் சீக்கிரம் காய வைக்கிறது, பாதி வேலை அதுதான். ஆனால் இந்தக் குறிப்பிட்ட கிருமி, ஈரம் வற்றிக் காய்வதையும் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும் வகை என்று அதே ஆய்வு சொல்கிறது. நூலுக்குள் குடியேறிவிட்டால் வெயில் மட்டும் போதாது. சூடு வேண்டும்.


சைதாப்பேட்டை பெட்டிக்கடை
நவம்பர் 11, மதியம் 2.40

பெட்டிக்கடை என்றால் பீடிக்கடை இல்லை, இஸ்திரிப் பெட்டி. தாத்தா காலத்திலிருந்து இதே தொழில். வாத்தியார் சூடு என்றதும் சொல்லத் தோன்றியது. தாத்தா வெள்ளாவி வைப்பார். துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, அடுப்பில் கொதிக்கிற பானைக்கு மேல் கோபுரமாக அடுக்கி, சுற்றி மூடி, ராத்திரி முழுக்க ஆவியில் வேக விடுவார். காலையில் ஆற்றில் அலசிக் கரையிலேயே விரித்துவிடுவார். மழைக் காலத்தில் வந்த துணிகூட நாறி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிறோம். தேய்த்த சூட்டோடு மடித்து அடுக்கி, மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் ஆவி இருக்கிறது. வாங்கியதும் பீரோவில் வைக்காமல், கட்டைப் பிரித்துக் கட்டிலில் அரை மணி பரப்பி வையுங்கள். தெளிக்கிற பாட்டிலில் பழைய தண்ணீரையே நாள் கணக்கில் வைத்திருந்தேன். இதைப் படித்ததும் போய்க் கொட்டிவிட்டேன்.


பெரம்பூர் வாத்தியார்
நவம்பர் 11, மாலை 4.05

அருமை தம்பி. உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. காரமும் கொதி ஆவியும் சேர்ந்தால் எண்ணெய்ப் பிசுக்கும் போகும், கிருமியும் போகும். இன்று கடையில் ஆக்சிஜன் பிளீச் என்று விற்பது சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் கரைந்தால் அதே சலவை சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆகிறது. வாளிக்குள் ஒரு குட்டி வெள்ளாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சைத் தண்ணீரில் அது சோம்பேறி. அறுபது டிகிரி சூடு கிடைத்தால் நன்றாக வேலை செய்யும், நாற்பதுக்குக் கீழே பிரயோஜனம் கம்மி. பருத்திக்குப் பயமில்லை. பட்டு, கம்பளி பக்கம் கொண்டு போகவே கூடாது. சாயத் துணி என்றால் ஓர மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.


வேளச்சேரி மூணாவது மாடி
நவம்பர் 12, இரவு 9.30

முதலில் மெஷின். ஸ்பேனர் தம்பி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். ரப்பர் மடிப்பில் கறுப்பு மை மாதிரி, தொட்டால் கையோடு வருகிறது. பழைய பல்துலக்கியால் தேய்த்து நாலு துணி மாற்றினேன். ஃபில்டரில் இருந்தவை: இரண்டு ரூபாய் நாணயம் மூன்று, ஹேர்பின், பையனின் பள்ளிச் சட்டைப் பொத்தான், தலைமுடியும் நூலும் பின்னிய ஒரு எலிவால். அந்தத் தண்ணீரின் வாடைதான் துண்டின் வாடை. அப்படியே அச்சு.

அப்புறம் வாத்தியார் சார் சொன்ன பரிசோதனை. துவைத்து மடித்து வைத்திருந்த துண்டு சார் அது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆனது, அலச அலச நுரை. நாலு வாளி மாற்றியும் நுரை நிற்கவில்லை. மாமியார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு சோப்பையும் உடம்பிலயா துடைச்சிக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.


பெரம்பூர் வாத்தியார்
நவம்பர் 12, இரவு 10.10

அதேதான். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் பலத்தைக் குறைத்துவிடும். நுரை போதவில்லை என்று நாம் இன்னும் கொட்டுவோம். மெஷின் கொஞ்சம் தண்ணீரில்தான் அலசும், முழுக்கப் போகாது. தங்கிய பவுடரோடு சாஃப்ட்னரின் மெழுகு மாதிரிப் பூச்சும் சேர்ந்து துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் போய்விடும், அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். துண்டுக்கு சாஃப்ட்னரே வேண்டாம். பவுடரை அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குக் குறைத்து, கூடுதலாக ஒரு அலசல் வையுங்கள். ஒரு வாரமாவது மெட்ரோ வாட்டரில் அலச முடிந்தால் வித்தியாசம் தெரியும்.


ஓஎம்ஆர் பிஜி வாசி
நவம்பர் 13, இரவு 12.15

எங்களிடம் மெஷினும் இல்லை, சூடும் இல்லை. கையால் பிழிந்து ரூமில் கட்டுகிறோம். மழை நாளில் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? இதில் ரூமில் இரண்டு கட்சி.


ஸ்பேனர் தம்பி
நவம்பர் 13, காலை 8.20

ஐந்து கிலோ துணியை மெஷினில் நன்றாகச் சுற்றி எடுத்தாலே இரண்டரை மூன்று லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும் ப்ரோ. கையால் பிழிந்தால் இன்னும் அதிகம். அவ்வளவும் ரூம் காற்றில்தான் கலக்கும். ஏசி இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேனைத் துணி மேல் நேராக அடிக்க விடுங்கள். ஏசி இருந்தால் மட்டும் மூடிவிட்டு டிரை மோடில் போடுங்கள், ஈரம் குழாய் வழியாக வெளியே போய்விடும். பக்கத்தில் எங்காவது ஸ்பின்னர் உள்ள செமி ஆட்டோமேட்டிக் இருந்தால் நாலு நிமிடம் சுற்றி வாங்கினாலே அரை நாள் மிச்சம்.

துணிக்கும் துணிக்கும் நடுவில் கை நுழையும் இடம் விடுங்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பை விரித்து இரண்டு கிளிப்பில் மாட்டுங்கள். பாக்கெட்டும் இடுப்புப் பட்டியும்தான் கடைசியில் காயும், அங்கிருந்துதான் வாடை ஆரம்பிக்கும்.


புது அம்மா
நவம்பர் 13, மதியம் 3.00

நடுவில் ஒரு கேள்வி. கைக்குழந்தை இருக்கிறது. பீரோவில் ஈர வாடை போக அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். போடலாமா?


பெரம்பூர் வாத்தியார்
நவம்பர் 13, மதியம் 3.25

வேண்டாம் அம்மா. நாப்தலின் உருண்டை பூச்சியை விரட்டத்தான், ஈரத்தை ஒன்றும் செய்யாது. ஜி6பிடி குறைபாடு என்று ஒன்று உண்டு, ரத்தத்தில் அந்தப் பெயருள்ள என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பது. அது உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்ட துணியாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். உங்கள் குழந்தைக்கு இருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது. குழந்தைத் துணி உள்ள பீரோவில் அந்த உருண்டையே கூடாது.


மாம்பலம் மாமி
நவம்பர் 13, மாலை 5.10

நான் வெட்டிவேரைச் சின்ன மூட்டையாகக் கட்டி வைப்பேன், குழந்தை வீட்டுக்கும் பயமில்லை. வாசனைக்குத்தான், ஈரம் போக பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். ஓதம் ஏறுகிற சுவரில் ஒட்டிப் போட்டால் எதை வைத்தும் பயனில்லை. இன்னொன்று, கஞ்சி போட்ட புடவையை மழைக் காலத்துக்கு மடித்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு காட்டன் புடவையும் அவருடைய எட்டு முழ வேஷ்டியும் மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி போட்டுப் போச்சு. கஞ்சி என்பது சோறுதானே, பூஞ்சை விடுமா? அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு வையுங்கள், கட்டும்போது போட்டுக்கொள்ளலாம்.


தரைத்தளம்
நவம்பர் 14, காலை 11.00

அந்தக் கறுப்புப் புள்ளி பற்றி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டு இரண்டு நாள் தண்ணீரில் இருந்தது. வெறும் தண்ணீரில் சேறு போகிற வரை அலசி, அப்புறம் வெந்நீரும் சோப்பும். உடனே எடுத்தது எல்லாம் பிழைத்தது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்த ஒரு மூட்டை மட்டும் ஒரு வாரத்தில் முழுக்கப் பூத்துவிட்டது. ஆக்சிஜன் பிளீச்சில் வாடை போனது, புள்ளி பாதிதான் போனது. நூலையே தின்றுவிட்ட இடத்தில் கிழிகிறது. பட்டுத் துணிகளை நானே தொடவில்லை, டிரை கிளீனிங் கொடுத்தேன்.


வேளச்சேரி மூணாவது மாடி
டிசம்பர் 3, இரவு 8.45

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்தவை இவ்வளவுதான். துண்டு எல்லாவற்றையும் கீசர் வெந்நீரில் ஆக்சிஜன் பிளீச் போட்டு மூன்று மணி நேரம் ஊற வைத்தேன். வாரம் ஒரு தடவை துண்டுக்கும் உள்ளாடைக்கும் அறுபது டிகிரி. கரண்ட் ஒரு யூனிட் சொச்சம் ஆகிறது, பரவாயில்லை. மெஷினை ராத்திரி போடுவதை விட்டேன். டைமர் வைத்து விடிகாலை ஐந்தரைக்கு முடிகிற மாதிரி ஓட விடுகிறேன். முடிந்த கையோடு எடுத்து உதறி, ஹால் ஃபேனுக்குக் கீழே.

வாடை போய்விட்டது, ஒன்றைத் தவிர. கணவரின் பச்சைப் பூத்துண்டு. கல்யாணத்துக்கு அவர் நண்பர்கள் கொடுத்தது, போர்வை கனம். இரண்டு தடவை ஊற வைத்தும் முகம் துடைத்தால் அதே நாய்க்குட்டி. பாத்ரூம் கதவு ஆணியில் நாலாக மடித்து மாட்டுகிறார், எத்தனை தடவை சொன்னாலும்.


மாம்பலம் மாமி
டிசம்பர் 3, இரவு 9.00

அதை நாலாக வெட்டித் தரைத்துணி ஆக்கிவிடு. அவருக்கு ஒரு ஈரிழை வாங்கிக் கொடு.


வேளச்சேரி மூணாவது மாடி
டிசம்பர் 5, காலை 7.20

ஈரிழை நாலு வாங்கியாச்சு, மாமியாரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தார். பச்சைத் துண்டையும் வெட்டியாச்சு. கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். கணவர் இன்னும் பால்கனியில் தேடிக்கொண்டிருக்கிறார், காற்றில் பறந்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.